கரட்டுச் சரிவில் சாமை

"கல்வெட்டுல என்ர பேரு இல்லை" என்றார் மாசிலாமணி.

சாமியாத்தா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"குவாரியை மூட வெச்சது நானு. தடியடியில போனது என்ர தோள்பட்டை. கல்லுல இருக்கறது நேத்து வந்தவனுங்க பேரு."

அவள் இன்னொரு விறகை உள்ளே தள்ளினாள்.

பாறைக் குன்றான அந்தக் கரட்டின் உச்சியில் ஓர் ஓலைக் குடிசையில் தனியாக இருந்தாள். வயது நாற்பதுதான். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. இருந்தாலும் ஊரோடு சேர்ந்து அவரும் அவளைச் சாமியாத்தா என்றே கூப்பிட்டார்.

"நான் சாமி கும்பிடறவன் இல்லை. அதை முதல்லயே சொல்லிப்போடறேன்."

"அதனால என்னங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"எனக்கு வேண்டியது தண்ணி இல்லை. மனசு ஆறணும். அதுக்கு ஒரு வழி சொல்லு."

அவள் செம்பை நீட்டினாள். வாங்கிப் பார்த்தார். தண்ணீர் செம்மண் குழம்பாக இருந்தது.

"இதை மனுசன் குடிப்பானா? எந்தக் கிணத்துத் தண்ணி இது?"

"உங்க காலனிக் கிணத்துத் தண்ணிதானுங்க. தலைவருக்குத் தெரியாதா?"

தெரியாது. கல்வெட்டுத் திறப்பு விழா அன்று கோபித்துக்கொண்டு, டவுனில் மகள் வீட்டுக்குப் போனவர். இன்றைக்குத்தான் திரும்பியிருந்தார்.

*

ஊருக்கு உழைத்தவனுக்கு ஊர் இரண்டு தரும். ஒன்று மாலை, இன்னொன்று மறதி. மாலை வாடும்வரைகூட மறதி காத்திருக்காது.

குவாரி மூடியது உண்மை. ஆனால் குவாரிக்காரன் தோண்டிக் கொட்டிய மண் சரிவு முழுக்க அம்மணமாகக் கிடந்தது. மழை பெய்தால் அது இறங்கும். இறங்கினால் நேரே கிணறு. காலனிக்கு வேறு கிணறு இல்லை.

கிணறு தூர்ந்தால் காலனி காலியாகும். காலனி காலியானால், "குடியிருப்பே இல்லாத இடத்தில் குவாரிக்கு என்ன தடை?" என்று மனுப் போட ஒருவன் காத்திருந்தான்.

சரிவைக் கைகாட்டினாள் சாமியாத்தா.

"அங்க புல்லு நிக்கோணும். நின்னதுக்கப்புறம் உங்க மனசைப் பத்திப் பேசலாமுங்க."

*

மாசிலாமணிக்குத் தெரிந்த வேலை ஆள் திரட்டுவது. ஆடி மாதம் பறை அடித்து, கொடி பிடித்து, காலனியையே சரிவில் ஏற்றினார். முள், செடி, சருகு எல்லாவற்றையும் அள்ளிக் கொளுத்தினார்கள். சரிவு, கூட்டம் போடும் மைதானம்போல் ஆனது. அதில் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவினார். காங்கேயத்துக் காளைகள் மேய்கிற புல். வேர் பிடித்துவிட்டால் எந்த வறட்சிக்கும் சாகாது.

விதைத்த வாரமே ஒரு மழை.

அரை மணி நேரம்தான் பெய்தது. விதை, மண், இருந்த கொஞ்சம் பிடிப்பு எல்லாம் சேர்ந்து கிணற்றுக்குள் போனது.

மேலே ஏறி வந்து நின்றார். தலை நனைந்திருந்தது.

"சருகை எதுக்குங்க அள்ளுனீங்க?" என்றாள் சாமியாத்தா.

"குப்பையா இருந்துச்சு."

"மழைக்குத் தெரியுமுங்களா அது குப்பைன்னு?"

மேடையில் அவரை யாரும் இப்படி மடக்கியதில்லை.

அவள் உள்ளே போய் இரண்டு மூட்டைகளை எடுத்து வந்தாள். ஒன்றில் மறுபடியும் புல் விதை. இன்னொன்றில் சாமை.

"நான் என்ன, சோத்துக்கா கேட்டேன்? சாமை எதுக்கு?"

"புல்லு சோம்பேறிங்க. நின்னு வேர் விட ரெண்டு மாசம் ஆகும். சாமை அவசரக்காரன். அஞ்சாம் நாள் எந்திரிச்சு நிப்பான். ரெண்டையும் கலந்து வெதைங்க. மேலிருந்து கீழ வேண்டாம். குறுக்கால."

*

இந்தமுறை பறை இல்லை. கூப்பிட்டபோது யாரும் வரவும் இல்லை.

"ஒருக்கா கிணத்தைத் தூர்த்தது போதாதுங்களா தலைவரே?" என்றான் செங்கோடன். இப்போது காலனிச் சங்கத்துச் செயலாளர் அவன்தான். கல்வெட்டில் முதல் பெயரும் அவனுடையதுதான்.

மாசிலாமணி ஒற்றைத் தோளால் மண்வெட்டி பிடித்தார். சரிவுக்குக் குறுக்கே கரை கரையாக வரப்புப் போட்டார். கரட்டடியில் வெட்டிவந்த முள்ளை வரப்போரம் பரப்பி, முளையடித்து நிறுத்தினார். ஆட்டுப் புழுக்கையும் மண்ணும் கலந்து, சாமையையும் புல்லையும் சேர்த்து விதைத்தார். மேலே வைக்கோலைத் தூவினார்.

வலித்தது. வலிக்கட்டும் என்று வேலை செய்தார். செங்கோடன் பார்க்கும்போது கொஞ்சம் வேகமாகச் செய்தார்.

சாமை முளைத்தது. சரிவு பச்சையானது.

புரட்டாசியில் மழை வந்தது. மாசிலாமணி கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நின்றார். சரிவிலிருந்து தண்ணீர் வந்தது. மண் வரவில்லை.

மறுநாள் கிணற்றடியில் ஒரு பெண் குடத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தெளிஞ்சிருக்குதுங்கோ" என்றாள்.

"என்ர சாமைம்மா" என்றார் அவர்.

சாமை கதிர் விட்டது. காலையில் போய்க் கதிரை விரலால் நசுக்கிப் பார்ப்பார். பால் பிடித்திருக்கும். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினார். செங்கோடனைக் கூப்பிட்டே காட்டினார்.

அன்றைக்குத்தான் சாமியாத்தா இறங்கி வந்தாள். கையில் அரிவாள்.

"அறுத்துப்போடுங்க."

"முத்தட்டும். இன்னும் ஒரு மாசம்."

"முத்தக் கூடாதுங்க. இப்பவே."

"கதிர் வந்திருக்குது ஆத்தா. பார்த்தியா?"

"நீங்க அடியில பார்த்தீங்களா?"

குனிந்து சாமையை விலக்கிப் பார்த்தார். அடியில் புல் இருந்தது. வெளுத்து, மெலிந்து, நிழலுக்குள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"இந்தச் சாமை இல்லைன்னா இந்தப் புல்லே இல்லை."

"ஆமாங்க."

"மழையில நின்னது இது. புல் இல்லை."

"ஆமாங்க."

"நின்னவனுக்குக் கதிர் முத்தக்கூட நேரம் கிடையாதா? இது எந்த ஊர் நியாயம்?"

"நியாயம் எனக்குத் தெரியாதுங்க. ஐப்பசி மழை எனக்குத் தெரியும். அது வரும்போது சாமை காஞ்சு சாஞ்சிருக்கும். புல்லுக்கு இன்னிக்கு வெயில் படலைன்னா அன்னிக்கு நிக்க ஆள் இருக்காது."

அவர் அரிவாளை வாங்கவில்லை. அவள் அதை வரப்பில் வைத்துவிட்டு நடந்தாள்.

அவர் ஒரு கதிரை விரலால் நசுக்கினார். கிணற்றடியில் குடங்கள் மோதும் சத்தம் கேட்டது.

"சாமியாத்தா!"

அவள் நின்றாள்.

"அறுக்கறதா, பிடுங்கறதா?"

"பிடுங்கிடாதீங்க. வேர் அங்கயே இருக்கட்டும். அறுத்த தாளையும் எங்கயும் கொண்டுபோக வேண்டாம். அறுத்த எடத்துலயே பரப்பிடுங்க."

அவர் அரிவாளை எடுத்தார்.

*

வெயில் பட்டதும் புல் கறுத்துப் பச்சை பிடித்தது. தூர் கட்டியது.

ஐப்பசி. கிழக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மேல் வரப்பில் எலி வளை ஒன்று இருந்திருக்கிறது. அது உடைந்து, முந்தின இரவு மழையில் மேலே தேங்கிய தண்ணீர் சரிவை அறுக்கத் தொடங்கியிருந்தது. சாமியாத்தா அந்த உடைப்பில் சேற்றை அள்ளி அள்ளி வைத்தாள். வைத்தது கரைந்தது. மாசிலாமணி கல் பொறுக்கிப் போட்டார். கல்லும் உருண்டது.

செங்கோடன் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான்.

"தலைவரே, உங்களைத்தான் தேடறேன். சங்கத்துல முடிவு பண்ணிட்டமுங்க. கல்வெட்டுல உங்க பேரையும் வெட்டறோம்."

மாசிலாமணி கையிலிருந்த கல்லோடு நின்றார்.

"எடம் இருக்குதா?"

"கீழ் ஓரத்துல இருக்குதுங்க."

"கீழ் ஓரத்துல."

"கொஞ்சம் பெருசாவே வெட்டலாமுங்க."

தூரத்தில் இடி உருண்டது. காலடியில் புல்லின் இரண்டு தூர்கள் மண்ணோடு பெயர்ந்து மிதந்தன. அவர் அவற்றைப் பார்த்தார்.

"அந்தக் கல்லு எத்தனை நீளம்?"

"ஆள் நீளமுங்க. நம்ம குவாரிப் பலகைதானே."

"நாலு பேரைக் கூட்டிட்டு வா. அதைப் பேத்துத் தூக்கிட்டு வாங்க. இந்த உடைப்புல போடணும்."

செங்கோடன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"தலைவரே, அதுல எங்க பேரெல்லாம் இருக்குதுங்களே!"

"என்ர பேரு இருந்திருந்தா நானும் யோசிச்சிருப்பேன். ஓடு."

அவன் கிணற்றைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஓடினான்.

தூறல் கனத்தபோது நாலு பேர் கல்லோடு ஏறி வந்தார்கள். சாமியாத்தா உடைப்பிலிருந்து எழுந்து வழிவிட்டாள்.

"எழுத்து மேல பாக்கணுமுங்களா, கீழ பாக்கணுமுங்களா?" என்றான் செங்கோடன்.

"எந்தப் பக்கம் சொரசொரப்பு?"

"ரெண்டு பக்கமும் வழவழன்னுதானுங்க இருக்குது. எழுத்து வெட்டுன பக்கம்தான் கொஞ்சம் பிடிக்கும்."

"அப்ப அது மண்ணுல இருக்கட்டும்" என்றார் மாசிலாமணி. "வழுக்காது."