வண்டியில் வந்த விடை

"மலையூர்ப் பள்ளிக்கூடம் நல்ல நிழலுப்பா. அடுத்த மாசம் நம்ம குதிரைங்க அங்கேதான்!"

லாயக்காரன் புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டே சொன்னது, அந்தப் பக்கம் போன வடிவழகியின் காதில் விழுந்தது. சந்திரசூட ராஜாவின் அரண்மனையில் ஓலை எழுதுகிறவள் அவள். பள்ளிக்கூடத்தில் குதிரையா? அப்படியானால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? யோசித்தபடியே சபைக்குள் நுழைந்தாள்.

அங்கே மந்திரி சாத்தப்பர் குழைந்துகொண்டிருந்தார். நாட்டின் குதிரைகளும் சாலைகளும் அவர் பொறுப்பு.

"மகாராஜா, நம் நாட்டில் நாற்பது பள்ளிக்கூடம், நாற்பது விதம். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், ஒரே கேள்வியில் தேர்வு வைப்போம். பிள்ளைகள் எதில் எழுதினார்களோ அதோடு, சாயங்காலத்துக்குள் விடை சபைக்கு வரவேண்டும். நகல் கூடாது, வாத்தியார்கள் திருத்திவிடுவார்கள். வந்து சேராத பள்ளியை மூடிவிடலாம்."

"பேஷ், பேஷ்!" என்றார் ராஜா. புதிதாக எதைக் கேட்டாலும் அவருக்குக் கொண்டாட்டம்தான். "வடிவழகி, தேர்வை நடத்துவது உன் பொறுப்பு."

லாயக்காரன் சொன்னது அவளுக்கு இப்போது புரிந்தது. முப்பத்தொன்பது பள்ளிகளில் பனையோலை உண்டு. மலையூரில் பனைமரமே கிடையாது. அங்கே பிள்ளைகள் பலகையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவார்கள். அது மந்திரிக்கும் தெரியும்.

"கட்டளையில் எதுவும் மாறாதுதானே, மந்திரியாரே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு எழுத்துகூட மாறாது!" மந்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

தேர்வு நாள் வந்தது. வடிவழகி மலையூருக்கே போய்விட்டாள். சாயங்காலம் சபையில் ஓலைக்கட்டுகள் வந்து குவிந்தன. முப்பத்தொன்பது.

"மலையூர் வரவில்லை. தேர்வை நடத்தியவளையும் காணோம்," என்றார் மந்திரி. "மூடிவிடலாமா, மகாராஜா?"

வாசலில் மாட்டு மணி கேட்டது. காவல்காரர்கள் பதறி ஒதுங்க, ஒரு கட்டைவண்டி சபைக்கு நடுவிலேயே வந்து நின்றது. வண்டிக்காரர் பின்தட்டியை எடுத்ததுதான் தாமதம், பலகைகளோடு மணலும் சரசரவென்று சிம்மாசனப் படிவரை கொட்டியது. ராஜா தும்மினார். ராஜாவே தும்மியதால் சபை முழுவதும் மரியாதைக்குத் தும்மியது.

மணலுக்கு நடுவிலிருந்து வடிவழகி எழுந்தாள். தலையெல்லாம் மண்.

"என்னம்மா இது?"

"மலையூர் விடை, மகாராஜா. எதில் எழுதினார்களோ அதோடு."

"விடையா?" மந்திரி விழுந்து விழுந்து சிரித்தார். "இதில் ஒரு எழுத்தைக் காட்டு, பார்ப்போம்!"

"வண்டியில் ஏற்றும்போது முப்பது பலகையிலும் முத்து முத்தாக இருந்தது, மந்திரியாரே. ஊர் எல்லைப் பள்ளத்தில் பெருக்கல் கணக்கு போயிற்று. ஆற்றோரப் பள்ளத்தில் கூட்டல் போயிற்று. கோட்டைவாசல் பள்ளத்தில் நானே போயிருப்பேன், வண்டிக்காரர் பிடித்துக்கொண்டார்." அவள் ராஜா பக்கம் திரும்பினாள். "பிள்ளைகள் தேறிவிட்டார்கள், மகாராஜா. தோற்றது சாலை."

சபை மொத்தமும் மந்திரியைப் பார்த்தது. மீசையைத் தடவப் போன அவர் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "வந்து சேராத பள்ளியைத்தானே மூடச் சொன்னீர்? இது படிவரை வந்து சேர்ந்திருக்கிறதே, ஐயா!"

"பள்ளியை மூடினால் அங்கே குதிரைகளுக்கு நல்ல நிழலாம், மகாராஜா," என்றாள் வடிவழகி, தரையைப் பார்த்தபடி. "லாயத்தில் பேசிக்கொண்டார்கள்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. மந்திரியை ஒரு பார்வை பார்த்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வடிவழகியின் கையில் வைத்தார்.

"மலையூர்ப் பள்ளி மூடப்படாது. நாளைக்கு இதே வண்டியில் போய், பிள்ளைகள் மணலில் எழுதுவதை நானே பார்க்கிறேன். சாத்தப்பரே, நீரும் ஏறும்."

மறுநாள் காலை வண்டி கோட்டைவாசலைத் தாண்டியதும் முதல் பள்ளம் வந்தது. ராஜாவின் கிரீடம் துள்ளி மந்திரியின் மடியில் விழுந்தது. மந்திரி அதைத் துடைத்து ராஜாவிடம் கொடுத்தார். பிறகு கீழே இறங்கி, வண்டிக்காரரிடம் மண்வெட்டியை வாங்கி, பள்ளத்தை நிரப்ப ஆரம்பித்தார்.