திடலை விட்டு நகராத மருதாயி

நீர்முள்ளிக் காட்டில் மருதாயி என்றொரு காட்டுப்பன்றி இருந்தாள். காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் டீச்சர். ஓட்டப் பயிற்சி கொடுப்பவளும் அவளே. விடிந்ததும் குட்டிகளைத் திடலில் ஓடவிடுவாள். வெயில் ஏறியதும் மரத்தடியில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவாள். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் கிழங்கைத் தின்னலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்லித் தருவாள். இருபத்தாறு வருஷமாக இதுதான் அவள் வேலை.

அவளுக்குக் கரகரத்த குரல். பாராட்டு சுலபத்தில் வராது. முதலில் ஓடி வந்தவனிடம், "மூச்சை ஒழுங்கா விடு" என்பாள். கடைசியில் வந்தவனிடமும் அதையேதான் சொல்வாள். அந்தக் காட்டில் வளர்ந்த மிருகங்கள் எல்லாம் ஒரு காலத்தில் அவளிடம் திட்டு வாங்கியவைதான்.

அவளுக்கு ஒரே ஒரு விதி. பயிற்சிக்கு வராதவர்கள் பந்தயத்தில் ஓடக்கூடாது. ஒருமுறை சொந்த மகனையே அந்த விதிக்காக வெளியே உட்காரவைத்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்திலிருந்த பாறைமலைக் காட்டோடு பந்தயம் நடக்கும். ஒரு அணிக்கு நாலு பேர். ஒருவர் ஓடி வந்து கோலைக் கொடுக்க, அடுத்தவர் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். நீர்முள்ளிக் காடு பத்து வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. இந்த வருஷம் மான், முயல், கீரி, முள்ளம்பன்றி என்று நாலு பேரை மருதாயி தேர்ந்தெடுத்தாள். முள்ளம்பன்றியின் பெயர் சின்னப்பொண்ணு. நாலு பேரில் அவள்தான் மெதுவு. ஆனால் மழையிலும் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை.

காட்டின் தலைவர் மலையாண்டி என்ற கரடி. அவர் மகன் வேலப்பன் நல்ல ஓட்டக்காரன். நாலு நாள் பயிற்சிக்கு வந்தான். ஐந்தாம் நாள் தேன் தேடிப் போனவன் பிறகு திடல் பக்கமே வரவில்லை.

பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மலையாண்டி திடலுக்கு வந்தார்.

"டீச்சர், முள்ளம்பன்றியை நீக்கிட்டு என் பையனைச் சேர்த்துக்குங்க."

"அவன் பயிற்சிக்கு வரல."

"அவளைவிட இவன் வேகமா ஓடுவான். அது பொய்யா?"

"பொய் இல்ல. ஆனா அவ தினமும் வந்தா, அவன் வரல."

மலையாண்டிக்கு முகம் சிவந்தது. "நான் குட்டியா இருந்தப்பவும் இப்படித்தான் என்னை வெளியே நிறுத்தினீங்க. நான் இன்னும் மறக்கல."

"ஆமா, நிறுத்தினேன். மறுவருஷம் நீ ஒழுங்கா வந்தே, ஓடினே, ஜெயிச்சே. அந்த வெற்றியைத்தானே நீ இன்னைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கே?"

சுற்றி நின்ற குட்டிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டன. மலையாண்டி கர்ஜித்தார். "நாளையிலிருந்து நீங்க டீச்சர் இல்ல. மயில்தான் பயிற்சி கொடுக்கும். இந்தத் திடல்ல நீங்க கால் வைக்கக்கூடாது." அவ்வளவு கோபத்திலும் 'நீ' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் விடிந்தபோது மருதாயி திடலின் நடுவே நின்றிருந்தாள். காவலுக்கு இருந்த இரண்டு காட்டெருமைகள் தயங்கித் தயங்கி வந்தன.

"டீச்சர், வெளியே போங்க. எங்களுக்கு உத்தரவு."

"உங்க உத்தரவுப்படி நீங்க தள்ளுங்க. நான் திரும்பி வருவேன்."

அவை அவளைத் தள்ளிக்கொண்டு போய் ஓடைக்கு அப்பால் விட்டன. அவள் ஓடையைக் கடந்து சேறும் தண்ணீருமாகத் திரும்பி வந்தாள். மறுபடியும் தள்ளின. மறுபடியும் வந்தாள். மூன்றாவது தடவை நொண்டிக்கொண்டுதான் வந்தாள். ஆனாலும் திடலின் நடுவே நின்று, "ஏன் நிக்கறீங்க? ரெண்டு சுத்து ஓடுங்க" என்று குட்டிகளை அதட்டினாள்.

பெரிய காட்டெருமை அப்படியே தரையில் படுத்துவிட்டது. "என்னால இனி முடியாது" என்று தம்பியிடம் சொன்னது. "எனக்கு ஓடக் கத்துக்கொடுத்தவங்களை நான் எத்தனை தடவை தள்ளுவேன்?" தம்பியும் பக்கத்தில் படுத்தது. திடலின் ஒரு மூலையில் நின்றிருந்த மயிலிடம் ஒரு குட்டிகூடப் போகவில்லை.

ஆனாலும் பந்தயத்தில் யார் ஓடுவது என்று அறிவிக்கும் அதிகாரம் தலைவரிடம்தான் இருந்தது. பந்தய நாளன்று பாறைமலையே கூட்டத்தால் நிரம்பியிருந்தது. மயில் கழுத்தை நீட்டி அறிவித்தது. "நீர்முள்ளி அணி. மான், முயல், கீரி, வேலப்பன்."

சின்னப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினாள். அதைப் பார்த்ததும் மான் ஓட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. முயல் உட்கார்ந்தது. கீரியும் உட்கார்ந்தது.

"எழுந்திருங்க" என்று மலையாண்டி கத்தினார்.

"சின்னப்பொண்ணு ஓடினா நாங்க ஓடுவோம்" என்றது மான்.

மலையாண்டி கூட்டத்தில் நின்ற மருதாயியின் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

"நான் ஓடத்தான் சொல்லிக் கொடுத்தேன். உட்கார அவங்களே கத்துக்கிட்டாங்க."

கூட்டம் முழுவதும் வேலப்பனையே பார்த்தது. அவன் கையில் கோல் இருந்தது. அதை நேராகக் கொண்டுபோய்ச் சின்னப்பொண்ணிடம் நீட்டினான்.

"அப்பா, இவளைவிட நான் வேகமா ஓடுவேன். ஆனா நான் தேன் தின்னுட்டிருந்தப்ப இவ இங்க ஓடிட்டிருந்தா. இந்த இடம் இவளோடதுதான்."

மூவரும் எழுந்தார்கள். சின்னப்பொண்ணு கோலை மானிடம் கொடுத்தாள். பந்தயம் தொடங்கியது. மான் முந்தியது. முயலும் கீரியும் அந்த முன்னிலையைக் கட்டிக் காத்தார்கள். கடைசிச் சுற்றில் சின்னப்பொண்ணு மூச்சுப் பிடித்து ஓடினாள். ஆனால் முடிவுக் கோட்டுக்குப் பத்தடி முன்னால் பாறைமலையின் நரி அவளைத் தாண்டிப் போய்விட்டது.

நீர்முள்ளி பதினோராவது முறையாகத் தோற்றது. ஆனாலும் அதன் கூட்டம் அன்று தலை குனியவில்லை. சின்னப்பொண்ணைத் தூக்கி முதுகில் வைத்தால் முள் குத்தும் என்பதால், அவளைச் சுற்றி நின்று ஆடினார்கள். மருதாயி அவளிடம் வந்து, "மூச்சை ஒழுங்கா விடு" என்றாள்.

மறுநாள் காலை திடலுக்கு முதலில் வந்தவன் வேலப்பன். "நான் அடுத்த வருஷம் ஓடலாமா, டீச்சர்?"

"இன்னைக்கு ஓடு. நாளைக்கு வர்றியான்னு பார்க்கறேன்."

மருதாயியை நீக்கிய உத்தரவை மலையாண்டி கடைசி வரை திரும்பப் பெறவில்லை. அவளும் அதைக் கேட்டுப் போய் நிற்கவில்லை. தினமும் விடியும்போது அவள் திடலில் இருந்தாள். குட்டிகளும் இருந்தார்கள்.

பதவியில் இருப்பவர் உத்தரவு போட்டு ஒருவரின் வேலையைப் பறிக்கலாம், ஆனால் அநியாயத்துக்கு வளையாமல் நின்ற ஆசிரியரிடம் படித்தவர்களை யாராலும் வளைக்க முடியாது.