ஒற்றை இருக்கைக் கார்

இதை எனக்கு முதலில் சொன்னது என் சம்பந்தி ருக்குமணி. போன தைப்பூசத்துக்கு இதே பழனி பஸ்ஸில் வரும்போது சொன்னார். முருகன் புண்ணியத்தில் ஒன்றும் மறக்கவில்லை.

கோயம்புத்தூரில் சென்னியப்பன் என்று ஒருவர். மின்னல் வேகக் கார் செய்கிறவர். மொத்தமே பன்னிரண்டுதான் செய்வாராம். பதின்மூன்றாவதை யார் கேட்டாலும் கிடையாதாம். முதல் கார் முடிந்ததும், மலையடிவாரத்து மடத்தில் இருந்த தன் குரு சாமியிடம் காட்டக் கொண்டுபோனார். ஓட்டிக்கொண்டு இல்லை, லாரியில் ஏற்றி. தரைக்கும் காருக்கும் நாலு விரல்தான் இடைவெளி. வேகத்தடை வந்தால் அடிவயிறு தட்டிவிடும்.

சென்னியப்பன் மனைவி மயிலாத்தாள் டவுன் பஸ்ஸில் முன்னாலேயே வந்து, மடத்துச் சமையலுக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ கார்ல வரலையா?" என்றார் சாமி.

"அதுல ஒரே சீட்டுங்க சாமி. இன்னொண்ணு வெச்சா எடை கூடிருமாமுங்க."

சென்னியப்பன் அதைக் காதில் வாங்கவில்லை.

"கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள நூறைத் தாண்டிருமுங்க சாமி. உடம்பு முழுக்கக் கார்பன் இழை. ஒரு ஆணி அதிகமில்லீங்க. சீட்டுகூட என் உடம்பை அச்செடுத்து வார்த்தது. சாயங்காலம் ரேஸ் டிராக்குல வெளிநாட்டுக்காரங்க முன்னால ஓட்டிக் காட்டணும். நல்லா ஓடுனா மத்த பதினொண்ணையும் அவங்களே எடுத்துக்குவாங்க."

"அப்புறமென்ன?"

"மனசு நிறையலீங்க. எங்கயோ ஒரு குறை. என்னன்னு நீங்கதான் சொல்லணும்."

"உக்காந்து பாத்தாத்தானே தெரியும்."

சாமி நல்ல ஆகிருதி. மடத்துச் சர்க்கரைப் பொங்கல் வீண்போகாத உடம்பு. சென்னியப்பன் தடுப்பதற்குள் உள்ளே இறங்கிவிட்டார். பொத்தென்று ஒரு சத்தம்.

"எப்படியிருக்குங்க சாமி?"

"பரம சுகம். எந்திரிக்கத்தான் வரலை."

லாரி டிரைவர் ஒரு கையையும் சென்னியப்பன் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். நல்லெண்ணெய் ஊற்றினார்கள். உசத்தியான தோல் உறை பாழானதுதான் மிச்சம். சாமி அசையவில்லை. அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது.

"என் இலையை இங்கயே கொண்டாரச் சொல்லு."

"சாமி, இப்பச் சாப்பிட்டா இன்னும்..."

"ஆமாமில்ல? பாயசம் இருக்குதான்னும் கேளு."

பாயசம் இருந்தது. இரண்டு டம்ளர் உள்ளே போயிற்று. வெயில் சாய ஆரம்பித்தது.

"கால்ல விழறேன் சாமி. வயித்தைக் கொஞ்சம் எக்கிப் பாருங்க."

"எதுக்குப் பதர்றே? இப்படியே கொண்டுபோய் ஓடவிடலாம். எனக்கு ஓட்டத் தெரியாது, அவ்வளவுதானே?"

மயிலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்குத்தான் இடமில்லைன்னீங்க. இப்ப உங்களுக்கே இல்லீங்களே!"

சென்னியப்பன் அவரை முறைத்தார். சாமியைப் பார்த்தார். அப்புறம் லாரியிலிருந்து ரம்பத்தை எடுத்துவந்தார். இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்த சீட்டின் பக்கச் சுவர் இரண்டையும் தன் கையாலேயே அறுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு "முருகா". சாமி சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தார்.

அறுத்த சீட்டில் அந்த வேகம் போனால் ஆளையே தூக்கி அடித்துவிடும். ஓட்டம் இன்றைக்கு இல்லை என்று போனில் சொன்னார் சென்னியப்பன். அந்தப் பக்கம் பட்டென்று போனை வைத்துவிட்டார்கள்.

சென்னியப்பன் அறுத்த இடத்தை ஜாண் வைத்து அளந்து பார்த்தார்.

"மயிலு, ஏறிப் பாரேன்."

"தள்ளி உக்காருங்க, வர்றேன்."

தள்ளி உட்கார்ந்தார். இடித்துப் பிடித்து இருவரும் அடங்கினார்கள். மடத்து வாசலை மாட்டுவண்டி வேகத்தில் ஒரு சுற்று சுற்றினார்கள். மயிலாத்தாள் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்காயெல்லாம் பறந்துவிட்டதாம்.

இறங்கும்போது சென்னியப்பனுக்குக் கேள்வி நினைவு வந்தது.

"சாமி, என்ன குறைன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே?"

சாமி வயிற்றில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஒண்ணும் தெரியலையே," என்றார்.

அவ்வளவுதான் கதை. சீட்டில் வைத்திருக்கிற அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, நிற்கிறவர்களும் உட்காரட்டும்.