ஊசி தாவிய இடம்

பெரம்பூரில் ஒரு மாடியறையில் டாஃப்னி கிட்டார் கற்றுக்கொடுத்தார். வயது முப்பத்து நான்கு. அவரிடம் கற்றவர்களில் மூத்தவர் தணிகாசலம். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று. அவர் இவரை டீச்சர் என்றார். இவர் அவரை சார் என்றார்.

தணிகாசலம் கற்க வந்தது ஒரே ஒரு பாட்டை. இங்கிலாந்து ராக் குழு ஒன்று ப்ளூஸ் பாணியில் பாடியது. ரிக்கார்டின் பின்பக்கத்தில் இருந்ததால் அந்தக் குழுவின் ரசிகர்களுக்கே அதிகம் தெரியாது. போனவள் திரும்பி வரவில்லை. மொத்தப் பாட்டும் அவ்வளவுதான்.

நான்கு எண்ணினால் ஒரு சுற்று. பன்னிரண்டு சுற்று சேர்ந்தால் ஒரு சரணம். ப்ளூஸில் கணக்கு அப்படி.

சனிக்கிழமை மாணவர்கள் கச்சேரி. வியாழக்கிழமை ஒத்திகையில், மூன்றாவது சரணத்தில், டிரம்ஸ் வாசித்த இம்ரான் குச்சிகளை மடியில் போட்டார்.

"டீச்சர், சார் மறுபடியும் தாவிட்டார். கார்டை விட்டுட்டு வண்டி போய்ப் பார்த்திருக்கேன். வண்டியை விட்டுட்டு கார்டு போறதை இப்பத்தான் பார்க்கிறேன்."

"எத்தனை சுற்று எண்ணினீங்க சார்?" என்று டாஃப்னி கேட்டார்.

"பதினொண்ணு."

"பன்னிரண்டு வரணும். முதல் ரெண்டு சரணமும் சரியாத்தானே வாசிச்சீங்க?"

"இந்த இடத்துல பதினொண்ணுதான் டீச்சர். முப்பது வருஷமா கேட்கிறேன்."

டாஃப்னி தன் போனில் அந்தப் பாட்டைப் போட்டார். மூன்றாவது சரணம். பத்தாவது சுற்றில் எல்லா வாத்தியங்களும் நின்றன. நான்கு எண்ணும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு பாடகர் குரல் திரும்பி வந்தது.

தணிகாசலம் அந்த மௌனத்தை அன்றுதான் முதலில் கேட்டார்.

"என் ரிக்கார்டுல அங்கே ஒரு கீறல். ஊசி தாவிடும்."

"இப்போ தெரிஞ்சுடுச்சே. பன்னிரண்டா வாசிங்க."

"வேண்டாம் டீச்சர்."

"ஏன்?"

"ஞாயித்துக்கிழமை காலையில இதைப் போடுவேன். என் சம்சாரம் வத்சலா வலது பக்கத்துல உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவா. ஒரு வார்த்தை இங்கிலீஷ் வராது. வாய்க்கு வந்ததைப் பாடுவா. ஆனா அந்த இடம் வந்தா ஊசியோட சேர்ந்து அவளும் தாவுவா. ஒருநாள் தப்பினதில்லை." அவர் கிட்டாரின் மேல் இல்லாத தூசியைத் தட்டினார். "அவ போய் பதினாலு மாசம் ஆச்சு. பன்னிரண்டு கையில ஏறிட்டா பதினொண்ணு மறந்துடும். அப்புறம் எனக்கு எதுக்கு இந்தப் பாட்டு?"

இம்ரான் குனிந்து, முடுக்கியிருந்த திருகு ஒன்றை மறுபடி முடுக்கினார்.

"நீங்க பதினொண்ணா வாசிச்சா, உங்களோட சேர்ந்து யாரும் தாவ மாட்டாங்க சார்," என்றார் டாஃப்னி.

"தாவுறவ ஒருத்திதான் இருந்தா. பரவாயில்லை, சனிக்கிழமைக்கு என் பேரை எடுத்துடுங்க."

டாஃப்னி இம்ரான் பக்கம் திரும்பினார்.

"இம்ரான், டிரம்ஸை அந்தப் பக்கம் தள்ளுங்க."

"எல்லாத்தையுமா? இங்கே என்ன குறைச்சல்?"

"சாருக்கு வலது பக்கம் காலியா இருக்கட்டும்."

இம்ரான் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளினார். தணிகாசலத்தின் வலப்பக்கம் ஜன்னல் வரை வெறும் தரை.

"இது எதுக்கு டீச்சர்?"

"வாசிக்கும்போது எல்லாரும் தங்களோட இடது கையைப் பார்ப்பாங்க. நீங்களும் அப்படித்தான். தாவுற இடத்துல மட்டும் வலது பக்கம் திரும்பறீங்க. ஒவ்வொரு ஒத்திகையிலும் கவனிக்கிறேன்."

தணிகாசலம் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பத்தாவது சுற்றுல யாருமே வாசிக்கலையே. அவ்வளவு நேரம் நான் என்ன பண்றது?"

"இதுவரைக்கும் ஊசி தாவிடுச்சு. அந்தப் பக்கம் திரும்பத்தான் நேரம் இருந்தது," என்றார் டாஃப்னி. "இப்போ நாலு எண்ணுற வரைக்கும் இருக்கு சார். பார்த்துட்டே இருங்க."