நாரை சுரண்டிய பூக்கள்

“நல்ல பூவையெல்லாம் சேற்றைப் பூசி மறைச்சிட்டே. உள்ளே எதையோ கெடுத்து வச்சிருக்கே!”

ஜப்பானிய மலைக்காட்டு ஆற்றங்கரையில் நாரை நரியிடம் இதையே ஒரு எழுத்து மாறாமல் திரும்பத் திரும்பச் சொன்னது. பனி உருகியதும் அதன் மகளுக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் கிமோனோவுக்கு இருந்ததோ ஒரே ஒரு பட்டு. அதில் செர்ரிப் பூவும் சாமந்தியும் வரைந்தது நரி.

“சேறு இல்லை நாரையம்மா, அரிசிப் பசை. மேலே தவிடு தூவியிருக்கேன். இனிமேல்தான் துணி முழுக்க நீலம் பூசணும். பசை இருக்கிற இடத்துல நீலம் ஏறாது. அப்புறம் ஆத்துல அலசினா பசை போயிடும், பூ நிற்கும்.”

“நரி பேச்சை நம்பிப் பிழைச்ச பறவை எந்தக் காட்டுல இருக்கு?”

“அப்ப நீங்களே வரைஞ்சிருக்கலாமே,” என்று சொல்லிவிட்டு நரி சாயம் கலக்கப் போனது.

நாரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பூவின் மேலிருந்த பசையை அலகால் சுரண்டியது. கீழே சாமந்தி அப்படியே இருந்தது, ஒரு இதழ்கூடக் கலையாமல். அதோடு விட்டதா? ‘இது ஒன்றை மட்டும் எனக்குக் காட்டுவதற்காக நன்றாகப் போட்டிருப்பாள்’ என்று அடுத்ததைச் சுரண்டியது. பிறகு அதற்கடுத்ததை.

எல்லாம் நன்றாகவே இருந்தன. அதுதான் நாரைக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஓரத்தில் ஒரே ஒரு பூ பாக்கி. அதற்குள் நரியின் காலடிச் சத்தம். நாரை அவசர அவசரமாக ஆற்றுச் சேற்றை அள்ளி, சுரண்டிய இடங்களில் எல்லாம் அப்பியது. பார்வைக்குப் பசையும் சேறும் ஒன்றுபோலத்தானே இருந்தன!

நரி நீலம் பூசியது. காயவிட்டு ஆற்றில் அலசியது. பசையைப்போல் நீலத்தைத் தடுக்காத சேறு கரைந்தது. அடியில் பூக்கள் இல்லை, நீலம்தான் இருந்தது. ஓரத்திலிருந்த அந்த ஒற்றைச் செர்ரிப் பூ மட்டும் வெள்ளை விளிம்போடு பளிச்சென்று சிரித்தது.

நரி அந்தப் பூவைப் பார்த்தது. நாரையின் அலகு நுனியில் ஒட்டியிருந்த தவிட்டையும் பார்த்தது. தூரிகைகளைக் கழுவத் தொடங்கியது.

“நரியக்கா, கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கு. இதுமேலேயே எப்படியாவது திரும்பப் பூப்போட்டுக் கொடேன்.”

“நீலம் ஏறின பட்டுல வேற நிறம் நிற்காது நாரையம்மா,” என்று நரி தூரிகைகளைக் கட்டி எடுத்துக்கொண்டது.

ஒருவரிடம் கொடுத்த வேலையைப் பாதியில் கிளறிப் பார்க்கும் சந்தேகம், இல்லாத குறையைத் தானே உண்டாக்கிவிடும்.