இரண்டாம் வகைக் குளிர்காலம்

ஞானதிரவியத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு.

கல்லூரியில் இருபத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலைமேல் இருந்த வானிலை ஆய்வு மையத்தில் மாணவராகச் சேர்ந்தார். அங்கே குளிர்காலக் காற்றோட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் ருக்சானா. அவர் இவரைச் ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை.

ஞானதிரவியம் அறுபது டிசம்பர்களின் காற்றழுத்த வரைபடங்களைக் கணினியில் போட்டுப் பிரித்தார். அவை மூன்று வகையாகப் பிரிந்தன. இரண்டாம் வகையில் இமயமலைக்கு வடக்கே அழுத்தம் ஓங்கி நிற்கும். உயரத்தில் ஓடும் மேற்குக் காற்று தெற்கே வளைந்து இறங்கும். அப்படிப்பட்ட வருஷங்கள் பதினாலு. அவற்றில் பதினோரு வருஷம், அடுத்து வந்த ஜனவரியில் தூத்துக்குடிக் கரையில் மழை இல்லை.

அந்த வருஷ டிசம்பரும் இரண்டாம் வகையாகவே அமைந்தது.

கரையில் இருந்த உப்பளத் தொழிலாளர் சங்கம் ஒன்று மையத்துக்குக் கடிதம் எழுதியிருந்தது. ஜனவரியிலேயே பாத்திகளை மிதித்துத் தயார் செய்தால் ஒரு மாதம் முன்னதாக உப்பு வாரலாம். தயார் செய்த பாத்தியில் மழை விழுந்தால் அத்தனை உழைப்பும் சேறு. என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்கள்.

ஞானதிரவியம் இரண்டு வரியில் பதில் எழுதினார். ஜனவரியில் மழை இல்லை, பாத்திகளைத் தயார் செய்யலாம். கையெழுத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

ருக்சானா படித்தார். “எவ்வளவு நிச்சயம் சார்?”

“முழு நிச்சயம் மேடம்.”

அவர் கையெழுத்துப் போடவில்லை. அறுபது சீட்டு கிழித்து, வருஷ வாரியாக டிசம்பரின் வகையை எழுதச் சொன்னார். இன்னும் அறுபது சீட்டில் அடுத்து வந்த ஜனவரிக்கு மழை உண்டு, இல்லை என்று எழுதச் சொன்னார். இரண்டாவது சீட்டுக் கட்டைக் கலைத்துப்போட்டு, எந்த டிசம்பரோடும் எந்த ஜனவரியையும் ஜோடி சேர்த்து, இரண்டாம் வகைக்கு மழையில்லாத ஜனவரி எத்தனை வருகிறது என்று எண்ணச் சொன்னார்.

முதல் தடவை பதினாலில் எட்டு வந்தது. அடுத்து ஆறு. நாலாவது தடவை ஒன்பது வந்தபோது ஞானதிரவியத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தாலும் எண்கள் ஏதோ சொல்வதுபோலத்தான் இருக்கும். கணினிக்குப் போய் ஆயிரம் தடவை கலைக்க வைத்தார். பதினொன்றோ அதற்கு மேலோ வந்தது பதினேழு தடவைதான்.

தலையை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தார். இது வெறும் தற்செயல் என்று சொல்ல இடமில்லை என்றார். ருக்சானாவும் ஒப்புக்கொண்டார்.

“பதினொண்ணு சரி சார். மீதி மூணு?”

எந்த ஒழுங்கிலும் சில விலகல் இருக்கும் என்றார் ஞானதிரவியம்.

“அந்த விலகல்ல இருந்தவங்களைப் பாத்துட்டு வாங்க.”

பஸ் பிடித்து மலையிறங்கி உப்பளத்துக்குப் போனார். கடிதம் எழுதிய சங்கத்தில், நாற்பது பாத்திகளை எடுத்து நடத்தும் பெண்கள் குழுவுக்கு முத்துப்பேச்சி தலைவி. அந்த மூன்றில் ஒரு வருஷம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டு நாள் மழை. மிதித்து இறுக்கிய நாற்பதும் கரைந்தன. மறுபடி மிதித்து முடிக்க மாசி ஆகிவிட்டது. யார்மீதும் கோபமில்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, இந்த வருஷமும் அப்படி ஆகுமா சார் என்று கேட்டாள்.

ஆகாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கடிதத்தில் எழுதுகிறேன் என்றுதான் சொன்னார்.

மலைக்குத் திரும்பியதும் கேட்டார். “அப்போ என்ன எழுதட்டும் மேடம்? தெரியாதுன்னா?”

“தெரியும்ல சார். பதினொண்ணையும் எழுதுங்க, மூணையும் எழுதுங்க.”

அப்படியே எழுதினார். ருக்சானா உடனே கையெழுத்துப் போட்டார். கடிதம் கிடைத்ததும் முத்துப்பேச்சியின் குழு உட்கார்ந்து பேசி, முப்பது பாத்திகளைத் தயார் செய்தது. பத்தை மிதிக்காமல் விட்டது.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி மழை பிடித்துக்கொண்டது.

ஞானதிரவியம் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அவரே போன் செய்தார். முப்பதும் போச்சு சார் என்றாள் முத்துப்பேச்சி. மிதிக்காமல் விட்ட பத்துக்கான தெம்பு மிச்சம் இருப்பதாகவும், தண்ணீர் வடிந்ததும் அதிலிருந்து தொடங்கப்போவதாகவும் சொன்னாள். அடுத்த வருஷமும் மறக்காமல் கடிதம் போடச் சொன்னாள்.

அவருக்கு மனசு ஆறவில்லை. தன் அட்டவணையை எடுத்துக்கொண்டு ருக்சானாவின் அறைக்குப் போனார்.

“மூணு வருஷ வேலை மேடம். பொய்யாப் போச்சு. இந்த வகையையே அடிச்சிடட்டுமா?”

ருக்சானா அட்டவணையைத் தன் பக்கம் இழுத்தார். கடைசி வரிக்குக் கீழே அந்த வருஷத்தை எழுதி, பக்கத்தில் ‘மழை’ என்று குறித்தார்.

“எதுக்கு சார்? நேத்து வரைக்கும் பதினாலுல பதினொண்ணு. இன்னியிலேர்ந்து பதினஞ்சுல பதினொண்ணு.”