மேட்டில் எட்டாவது வீடு

ஆற்றுக்கும் மாசிலாமணியின் வாசலுக்கும் நடுவே பதினோரு முழம் நிலம் மிச்சமிருந்தது. ஐந்து நாளைக்கு முன் அது பதினைந்து முழம்.

தினமும் விடிந்ததும் கயிறு பிடித்து அளப்பார். அளந்ததை மனைவி கோதையிடம் சொல்ல மாட்டார். அவளுக்கு ஏழாவது மாதம். ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள்.

ஆறாம் நாள் அளக்கவே பயமாக இருந்தது. கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு மடத்துக்குப் போனார்.

மடத்தின் குரு உமையம்மை அவரைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் மாசிலாமணி ஒன்பது வருடமாக அவருடைய சீடர். அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

உமையம்மை முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பிள்ளைங்களை எங்கே கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியல."

"இடம் பார்க்கலையா?"

"மூணு பார்த்தேன். சந்தைப்பேட்டையில நல்ல வீடு. பாய் முடையற எனக்கு அதுல ஒரு சுவர்கூடக் கிடைக்காது. மத்த ரெண்டும் மலிவு."

"அப்புறம் என்ன?"

"மலிவா இருக்கே, அதுதான் பயம். ஏன் மலிவுன்னு கேட்டா, தரகன் ஒண்ணுமில்லைங்கறான். திரும்பக் கேட்டா, பிள்ளை மேல சத்தியமா ஒண்ணுமில்லைங்கறான். அவன் சத்தியம் பண்ணினதும் எழுந்து வந்துட்டேன்."

உமையம்மை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சத்தியம் பண்ணாத ஊர் ஒண்ணு தெரியும். வர்றீங்களா?"

இருவரும் வடக்கே நடந்தார்கள். வெயில் ஏறும் நேரத்தில் ஒரு மேடு வந்தது. மேட்டின் மேல் எட்டு வீடுகள். ஏழில் ஆள் இருந்தது. எட்டாவது பூட்டிக் கிடந்தது. ஆள் இருந்த ஏழு வாசலிலும் ஒவ்வொரு மூங்கில் கம்பைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

முதல் வீட்டு ராக்கம்மா தட்டில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பூட்டுக்கு அவளிடம்தான் சாவி.

"வீடு வேணுமா? ரெண்டு ஆட்டுக்குட்டி கொடுங்க. கூரையை நீங்களே வேய்ஞ்சுக்குங்க."

மாசிலாமணியிடம் ஐந்து ஆடுகள் இருந்தன. கட்டுப்படியாகும். அது தெரிந்தவுடனே அவருக்குப் பயம் வந்தது.

"ஏன் இவ்வளவு மலிவு?"

"பாம்பு."

"என்னது?"

"பாம்புய்யா. கால் இல்லாம ஓடுமே, அது. ஆத்துல தண்ணி ஏறினா பள்ளத்துல இருக்கறதெல்லாம் இந்த மேட்டுக்குத்தான் வரும். உங்களை மாதிரி."

உமையம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டார். மாசிலாமணி சிரிக்கவில்லை.

"யாரையாவது கடிச்சிருக்கா?"

"மூணு வருசத்துல ஒரு ஆடு, ஒரு ஆள்."

"பிழைச்சாங்களா?"

"ஆடு பிழைச்சுது."

"அந்த ஆள் யாரு?"

"எம் புருசன்." ராக்கம்மா ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டாள். "இல்லேன்னு சொல்லி விக்க நான் என்ன தரகரா?"

அப்போது ஐந்தாவது வீட்டிலிருந்து ஒரு பெண் அலறினாள்.

"தூளி! தூளிக்கு அடியில!"

மிளகாய்த் தட்டு கவிழ்ந்தது. ராக்கம்மா கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். எல்லா வாசலிலிருந்தும் ஆள் கிளம்பியது. ஒருவன் எச்சில் கையோடு ஓடினான். ஒரு கிழவர் அவிழ்ந்த வேட்டியை ஒரு கையிலும் கம்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினார். உமையம்மை வெறுங்கையோடு ஓடினார்.

மாசிலாமணிக்குக் கால் எப்படி நகர்ந்தது என்று தெரியவில்லை. தெரு ஓரத்தில் மாடு பூட்டாத வண்டி ஒன்று நின்றது. அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

ஐந்தாவது வீட்டுக்குள் கம்பு தரையில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றும் கேட்காததுதான் பெரிய பயமாக இருந்தது.

பிறகு குழந்தை அழுதது.

வீட்டுக்குள்ளிருந்து அதைக் கை மாற்றிக் கை மாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். கிழவர் கம்பு நுனியில் நல்லபாம்பைத் தூக்கிக்கொண்டு புதருக்குப் போனார். வேட்டியை யாரோ பின்னால் பிடித்துக்கொண்டு போனார்கள். "பாம்பைவிட உம்ம வேட்டிதான்யா பெரிய பாடு" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். குழந்தையின் தாய் மட்டும் தரையில் உட்கார்ந்து அதன் கை காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உமையம்மை வண்டிப் பக்கம் வந்தார்.

"அம்மா, இந்த ஊரே போதும்" என்றார் மாசிலாமணி. அவர் இன்னும் வண்டி மேல்தான் நின்றிருந்தார். "எண்ணினேன். ஏழு வீட்டுலேர்ந்தும் ஆள் வந்துச்சு. பன்னிரண்டு பேர். நான் அறுபது எண்ணி முடிக்கலை, குழந்தை வெளியே வந்துடுச்சு. என் பிள்ளைங்களுக்கு இப்படி ஓடி வர்றதுக்கு இப்ப இருக்கற ஊர்ல யாரும் கிடையாது."

"பாம்பு?"

"இருக்கட்டும். பன்னிரண்டு பேர் இருக்காங்களே. நீங்களே பேசி முடிச்சுடுங்க. நீங்க சொன்னா மறுக்க மாட்டாங்க."

உமையம்மை ஐந்தாவது வீட்டு வாசலுக்குப் போனார். ராக்கம்மா கேட்டுக்கொண்டாள். மற்றவர்களைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் பேசினார்கள். நடுவில் ஒரு முறை, எல்லாரும் திரும்பி வண்டியைப் பார்த்தார்கள்.

உமையம்மை திரும்பி வந்தார்.

"தர்றாங்களா அம்மா?"

"உங்க வீட்டுத் தூளிக்கும் இதே மாதிரி ஓடி வருவோம்னு சொன்னாங்க."

மாசிலாமணியின் கண் நிறைந்தது. "அப்ப முடிஞ்சுது."

"ஒண்ணு கேட்டாங்க. எங்க வீட்டுத் தூளிக்கு அவர் வருவாரான்னு."

மாசிலாமணி வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

வண்டிக்கும் தரைக்கும் மூன்றடிதான். மாசிலாமணி இறங்க வெகுநேரம் ஆயிற்று.